சிங்கப்பூர் எஃப்1 பார்க்கப் போறீங்களா? டிக்கெட் முதலில், விசா கடைசியில்... நடுவில் சிக்கும் பணம்!

2026 சிங்கப்பூர் கிராண்ட் பிரீ அக்டோபர் 9, 10, 11 தேதிகளில் நடக்கிறது. மெரினா பே தெருக்களில் முதல்முறையாக ஸ்பிரின்ட் ரேஸும் உண்டு. "மச்சி, இந்த வருஷமாவது போயே ஆகணும்" என்ற மெசேஜ் பல வாட்ஸ்அப் குரூப்களில் ஏற்கெனவே வந்திருக்கும். சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்தால் சிங்கப்பூர். இறங்கினால் அறிவிப்புப் பலகைகளில் தமிழ், பசித்தால் தேக்காவில் தோசை. இதைவிட எளிதான எஃப்1 பயணம் இருக்க முடியுமா?

இங்கேதான் ஒரு சிக்கல். ரேஸ் டிக்கெட்டைப் பல மாதங்களுக்கு முன்பே வாங்கினால்தான் நல்ல இடம், குறைந்த விலை. ஆனால் சிங்கப்பூர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு முந்தைய 30 நாட்களுக்குள்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதாவது, நாட்டுக்குள் நுழைய அனுமதி கிடைக்குமா என்று தெரியாமலே டிக்கெட், ஹோட்டல், ஃப்ளைட் என்று மூன்றுக்கும் பணம் கட்டியாக வேண்டும். மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பது ஒரு கேள்வி. எந்தப் பணத்தை எப்போது கட்டுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

நம்ம ஊரில் ஏன் எஃப்1 இல்லை?

இருந்தது. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேச சர்க்யூட்டில் 2011, 2012, 2013 என மூன்று ஆண்டுகள் இந்தியன் கிராண்ட் பிரீ நடந்தது. மூன்றையும் வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். 2014 காலண்டரில் இந்தியா இல்லை. அதன்பிறகு இன்றுவரை திரும்பவும் இல்லை.

காரணம் ரசிகர்கள் வராதது அல்ல, வரிச் சண்டை. உத்தரப் பிரதேச அரசு எஃப்1 ரேஸை விளையாட்டாகப் பார்க்காமல் கேளிக்கையாகக் கருதி, கேளிக்கை வரி கேட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் கார்கள், உதிரி பாகங்களுக்கான சுங்க வரி இன்னொரு தலைவலி. எஃப்1 நிறுவனம் இந்தியாவில் ஈட்டிய வருமானத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்டத்தான் வேண்டும் என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. 2023-ல் அதே டிராக்கில் மோட்டோஜிபி பைக் ரேஸ் ஒருமுறை நடந்தது. 2024-ல் அதுவும் நடக்கவில்லை.

சிங்கப்பூர் இதற்கு நேர் எதிர். 2008-ல் எஃப்1 வரலாற்றின் முதல் இரவு ரேஸை அந்த நகரம் நடத்தியபோது, செலவில் சுமார் 60 சதவீதத்தை அரசே ஏற்றது. ரேஸை அவர்கள் சுற்றுலா முதலீடாகப் பார்த்தார்கள். ஒருவர் ரேஸ் பார்க்க வந்தால் ஹோட்டல், சாப்பாடு, ஷாப்பிங் என்று செலவழிப்பார், அந்தப் பணம் ஊருக்குள் சுற்றும் என்பது கணக்கு. 2022-ல் மூன்று நாட்களும் சேர்த்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் என்று எஃப்1-ல் கார் ஓட்டிய இரண்டு இந்தியர்களும் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர்கள். இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் டிராக் இருக்கிறது. 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருவில் இரவு ரேஸே நடந்தது. ஆனாலும் எஃப்1 காரை நேரில் பார்க்க, தமிழ்நாட்டு ரசிகர் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் வேண்டியிருக்கிறது.

முதல் முடிவு: எந்த டிக்கெட்?

சிங்கப்பூர் ரேஸுக்கு இரண்டு வகை டிக்கெட்தான் பெரும்பாலானோருக்குப் பொருந்தும்.

கிராண்ட்ஸ்டாண்ட்: உங்களுக்கென்று ஒரு இருக்கை. டிராக்கின் ஒரு பகுதியை மட்டும் தெளிவாகப் பார்க்கலாம். விலை அதிகம்.

வாக்அபவுட்: இருக்கை கிடையாது. நடந்துபோய்ப் பிடித்த இடத்தில் நின்று பார்க்கலாம். இதிலும் இரண்டு ரகம். பிரீமியர் வாக்அபவுட் இருந்தால் நான்கு ஸோன்களுக்கும் போகலாம். 'ஸோன் 4' வாக்அபவுட் என்றால் அந்த ஒரு ஸோனுக்குள் மட்டும்தான். பெரிய இசை நிகழ்ச்சிகள் நடக்கும் பாடாங் மேடை ஸோன் 4-க்குள் வருகிறது. அதனால் பாட்டும் வேணும், காரும் பார்க்கணும், பட்ஜெட்டும் தாங்கணும் என்பவர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் பிட் பகுதி இருப்பது ஸோன் 1-ல். ஸோன் 4 டிக்கெட்டோடு அங்கே போக முடியாது.

நின்று பார்ப்பவர்கள் ஒன்றை யோசிக்கணும். சிங்கப்பூரின் ஈரப்பதம் சென்னைக்காரருக்கே சவால்தான். 2025 ரேஸில் ஓட்டுநர்களுக்காக எஃப்1-ல் முதல்முறையாக 'வெப்ப ஆபத்து' அறிவிக்கப்பட்டது இங்கேதான். வயதான பெற்றோரையோ குழந்தையையோ அழைத்துப் போகிறீர்கள் என்றால் இருக்கைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் அல்ல.

ஒருநாள் டிக்கெட் எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த ஆண்டு கணக்கு மாறியிருக்கிறது. ஸ்பிரின்ட் வாரம் என்பதால் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பயிற்சிச் சுற்று, அடுத்து ஸ்பிரின்ட்டுக்கான தகுதிச் சுற்று. சனிக்கிழமை ஸ்பிரின்ட் ரேஸ், அதன்பின் ஞாயிறு ரேஸுக்கான தகுதிச் சுற்று. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை வெறும் பயிற்சிதான். இப்போது மூன்று நாளிலும் ஏதாவது ஒன்று பந்தயத்தில் இருக்கிறது. ஞாயிறு டிக்கெட் கைக்கு எட்டவில்லை என்றால், ஒரு ரேஸும் ஒரு தகுதிச் சுற்றும் பார்க்க சனிக்கிழமையே போதும்.

வாங்கும்போது கவனம்: அதிகாரப்பூர்வ இணையதளம் அல்லது அவர்கள் பட்டியலிட்ட முகவர்களிடம் மட்டும் வாங்குங்கள். இன்ஸ்டாகிராமில் 'ஒரு டிக்கெட் எக்ஸ்ட்ரா இருக்கு' என்று வரும் நபருக்கு யுபிஐ-யில் பணம் அனுப்பினால், கேட் வாசலில் நிற்கும்போது உங்களிடம் இருப்பது ஒரு ஸ்க்ரீன்ஷாட் மட்டுமே.

ஹோட்டல்: விலை ஏன் எகிறுகிறது?

ஆட்கள் கூடினால் வாடகை ஏறுவது இயல்பு. சிங்கப்பூரில் இன்னொரு காரணமும் உண்டு. 2008-ல் ரேஸ் தொடங்கியபோதே அரசு ஹோட்டல்களிடம் தனித் தீர்வை விதித்தது. ரேஸ் நாட்களில் டிராக்கை ஒட்டிய ஹோட்டல்களின் அறை வருமானத்தில் 30%, மற்ற ஹோட்டல்களுக்கு 20%. ரேஸால் லாபம் பார்ப்பவர்கள் அதன் செலவிலும் பங்கு போடட்டும் என்பது அரசின் வாதம். அந்தச் சுமை கடைசியில் யார் பில்லில் வந்து உட்காரும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு நடைமுறை வழி, டிராக்கை விட்டுத் தள்ளி, ரயில் பாதையை ஒட்டித் தங்குவது. உதாரணமாக லிட்டில் இந்தியா. அங்கிருந்து எம்.ஆர்.டி. டவுன்டவுன் பாதையில் ரோச்சோர், பூகிஸ் தாண்டினால் மூன்றாவது நிறுத்தம் புரோமனாட். டிராக் பக்கத்திலேயே இருக்கிறது. ரேஸ் நாட்களில் சாலைகள் மூடப்படும் என்பதால் டாக்ஸியைவிட ரயில்தான் வேகம்.

மலேசியாவின் ஜோகூர் பாருவில் மலிவாகத் தங்கி, தினமும் எல்லை தாண்டி வந்து ரேஸ் பார்க்கலாம் என்று ஒரு ஐடியா சுற்றுகிறது. முடியும். ஆனால் இரவு ரேஸ் முடிந்து, கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு நாட்டுக் குடியேற்றச் சோதனைகளையும் தாண்டணும். உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்றும் பார்க்கணும். ஒருமுறை நுழைவு விசா என்றால், முதல் நாள் இரவு வெளியே போனவர் மறுநாள் உள்ளே வர முடியாது. மிச்சமாகும் ஹோட்டல் காசுக்கு இந்த ரிஸ்க் சரியா என்பதை அவரவர்தான் முடிவு செய்யணும்.

விசா: 30 நாள் ஜன்னல்

இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் செல்ல விசா கட்டாயம். விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாகப் போகும். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவரின் சேவைக் கட்டணம் தனி. நிராகரித்தாலும் இந்தப் பணம் திரும்பி வராது. பெரும்பாலானவர்களுக்குச் சில வேலை நாட்களிலேயே முடிவு தெரிந்துவிடும். சிலருக்கு இழுக்கும்.

அக்டோபர் 8 அன்று இறங்கப் போகிறீர்கள் என்றால், விண்ணப்பிக்கும் காலம் செப்டம்பர் 8 வாக்கில்தான் தொடங்கும். ஆவணங்களை அன்றைக்குத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. குறிப்பாகப் பாஸ்போர்ட்: குறைந்தது 6 மாத செல்லுபடி வேண்டும். ரேஸ் டிக்கெட் வாங்கும் முன் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியைப் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் முதல் வேலை.

விசாவோடு வேலை முடியாது. இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் 'எஸ்ஜி அரைவல் கார்டு' ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம். இதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசு இணையதளம் அல்ல.

"என்கிட்ட அமெரிக்க விசா இருக்கு, சிங்கப்பூருக்குத் தனியா எதுக்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. 96 மணி நேர விசா இல்லா சலுகை ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அது மூன்றாவது நாடு ஒன்றுக்குப் போகும் அல்லது அங்கிருந்து திரும்பும் வழியில் இறங்குபவர்களுக்கானது. சென்னை - சிங்கப்பூர் - சென்னை என்று போய்வருபவர்களுக்கு அது பொருந்தாது.

டி.சி.எஸ்., கார்டு: கண்ணுக்குத் தெரியாத செலவு

டூர் நிறுவனத்திடம் டிக்கெட், ஹோட்டல், ஃப்ளைட் எல்லாம் சேர்த்து பேக்கேஜாக வாங்கினால் அதன்மீது டி.சி.எஸ். பிடிப்பார்கள். முன்பு 10 லட்சம் ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 20% என்று இருந்தது. 2026 பட்ஜெட்டில் இது தொகை வரம்பே இல்லாமல் 2% ஆகக் குறைக்கப்பட்டது. ஏப்ரல் 1, 2026 முதல் இதுதான் விகிதம். 2.5 லட்சம் ரூபாய் பேக்கேஜ் என்று வைத்துக்கொண்டால், முன்பு 12,500 ரூபாய், இப்போது 5,000 ரூபாய்.

இது கூடுதல் வரி அல்ல, முன்கூட்டியே பிடிக்கப்படும் தொகை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்ப வாங்கலாம். சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் தகவல் கொடுத்து, சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ்.-ஸிலேயே சரிக்கட்டவும் வழி உண்டு. ஃப்ளைட் டிக்கெட் மட்டும், ஹோட்டல் மட்டும் என்று தனித்தனியாக வாங்கினால் அது 'பேக்கேஜ்' கணக்கில் வராது.

திரும்ப வராத செலவு கார்டில்தான் இருக்கிறது. வெளிநாட்டுக் கரன்சியில் தேய்க்கும்போது பல கிரெடிட் கார்டுகள் மார்க்-அப் பிடிக்கும். 3.5% மார்க்-அப் உள்ள கார்டில் 1 லட்சம் ரூபாய் செலவழித்தால் 3,500 ரூபாய். அதன்மீது 18% ஜிஎஸ்டி 630 ரூபாய். மொத்தம் 4,130 ரூபாய் காணாமல் போகும். மார்க்-அப் குறைவான கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கடையில் கார்டு மெஷின் 'ரூபாயிலா, டாலரிலா?' என்று கேட்டால் உள்ளூர் கரன்சியைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயில் காட்டும் மாற்று விலை பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

ரேஸே நடக்காவிட்டால்?

நடந்திருக்கிறது. கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் சிங்கப்பூர் ரேஸ் ரத்தானது. 2023 மே மாதம் இத்தாலியின் இமோலாவில், வெள்ளம் காரணமாக ரேஸ் வாரத்தின் புதன்கிழமை ரத்து அறிவிப்பு வந்தது. 2021-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் மழையில் பல மணி நேரம் காத்திருந்த ரசிகர்கள், பாதுகாப்பு காரின் பின்னால் கார்கள் ஊர்ந்த சில சுற்றுகளைத்தான் பார்த்தார்கள். 2023 லாஸ் வேகாஸில் முதல் பயிற்சிச் சுற்று எட்டே நிமிடத்தில் நின்றது. இரண்டாவது சுற்று தொடங்கும் முன்பே ரசிகர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

இப்படி நடந்தால் ரேஸ் டிக்கெட் பணத்துக்கு அமைப்பாளர்தான் பதில் சொல்வார். உங்கள் ஃப்ளைட்டுக்கும் ஹோட்டலுக்கும் அவர் பொறுப்பில்லை. பயணக் காப்பீடு எடுக்கும்போது மருத்துவச் செலவை மட்டும் பார்க்காமல், நிகழ்ச்சி ரத்தானாலோ விசா மறுக்கப்பட்டாலோ ஏதாவது கிடைக்குமா என்று பாலிசி வாசகத்தைப் படியுங்கள். பல பாலிசிகளில் இந்த இரண்டும் விதிவிலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

ரத்து வேண்டாம், தாமதமே போதும். 2022 சிங்கப்பூர் ரேஸ் மழையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளித் தொடங்கியது. வழக்கமான தொடக்க நேரமே உள்ளூர் நேரப்படி இரவு 8 மணி, அதாவது நமக்கு மாலை 5.30. ஞாயிறு நள்ளிரவு ஃப்ளைட் பிடித்து, திங்கள் காலை ஆபீஸில் உட்கார்ந்துவிடலாம் என்று போடும் திட்டம் இங்கேதான் உடைகிறது. திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு சொல்லிவிடுவது நல்லது.

விசா தொல்லை இல்லாத வழி உண்டா?

எஃப்1 மட்டும்தான் என்று பிடிவாதம் இல்லை என்றால், மலேசியாவின் செபாங் ஒரு நல்ல வாய்ப்பு. 1999 முதல் 2017 வரை எஃப்1 நடந்த டிராக் அது. இப்போது ஆண்டுதோறும் அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் வாக்கில் மோட்டோஜிபி நடக்கிறது. இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாட்களுக்கு விசா தேவையில்லை. இறங்கும் முன் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்பினால் போதும். அதாவது 'டிக்கெட் முதலில், விசா கடைசியில்' என்ற சிக்கலே அங்கே இல்லை. டிராக் இருப்பது விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கோலாலம்பூர் நகரிலிருந்து தொலைவில். நகரில் தங்குபவர்கள் போக்குவரத்தை முன்பே யோசிக்கணும்.

ஐரோப்பா என்றால் கதை தலைகீழ். மோன்ஸா, ஸ்பா போன்ற ரேஸ்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம். ஃப்ளைட்டும் தங்குமிடமும் கூடுதல். ஆனால் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அப்பாயின்ட்மென்ட் கிடைத்துவிட்டால், பெரிய செலவுகளுக்கு முன்பே விசா முடிவு தெரிந்துவிடும்.

அப்போ, எந்த வரிசையில் கட்டுவது?

சிங்கப்பூர்தான் என்று முடிவு செய்தவர்களுக்கு, ரிஸ்க்கைக் குறைக்கும் வரிசை இது:

1. பாஸ்போர்ட் செல்லுபடியைப் பாருங்கள். புதுப்பிக்க வேண்டுமென்றால் அதை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

2. ஹோட்டலை முதலில் பிடியுங்கள், ஆனால் இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு. வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை. ரத்துக்கான கடைசித் தேதி, விசா முடிவு தெரியும் நாளுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. அடுத்து ரேஸ் டிக்கெட். பொதுவாக இதற்கு ரீஃபண்ட் கிடையாது. விசா வராவிட்டால் இழக்கத் தயாரான தொகை எவ்வளவோ, அந்த அளவுக்கான டிக்கெட்டை எடுங்கள்.

4. ஃப்ளைட்டில் தேதி மாற்றவோ ரத்து செய்யவோ எவ்வளவு பிடிப்பார்கள் என்று பார்த்து வாங்குங்கள். சென்னையை மட்டும் பார்க்காமல் திருச்சி, கோவையிலிருந்தும் விலை பாருங்கள்.

5. செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம்.

6. இறங்கும் முன் அரைவல் கார்டு. பெட்டியில் வேப் இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே குற்றம்.

நண்பர்கள் கூட்டமாகப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. ஒருவர் கார்டில் எல்லாருக்கும் சேர்த்து டிக்கெட் போடுவது வசதிதான். நாலு பேரில் ஒருவருக்கு விசா வராவிட்டால் அந்த டிக்கெட் நஷ்டம் யாருடையது என்பதைப் பணம் கட்டும் முன்பே பேசிவிடுங்கள். பின்னால் பேசினால் நட்பில் விரிசல் விழும்.

சிங்கப்பூருக்கும் எஃப்1-க்குமான ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது. இந்த ஆண்டு பாஸ்போர்ட் தயாரில்லை, லீவு உறுதியில்லை, கடன் வாங்கித்தான் போகணும் என்ற நிலை என்றால், அவசரப்பட்டு டிக்கெட் போட வேண்டிய கட்டாயமில்லை. அடுத்த ஆண்டும் அதே தெருவில் விளக்கு எரியும். அதற்குள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் முதல் கட்ட விற்பனையிலேயே டிக்கெட் வாங்கிவிடலாம்.